ஃபார்மேட் அடிக்கும் முன்: தறி ஊர்களில் விண்டோஸ் ஏன் அடிக்கடி படுத்துவிடுகிறது

சோமனூரிலோ பல்லடத்திலோ ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் அரை மணி நேரம் நின்றால் ஒரே தீர்ப்பைப் பல தடவை கேட்கலாம்: "ஃபார்மேட் அடிச்சுப்போட்டா செரியாப் போயிருமுங்க." டிஸ்கைத் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் ஃபார்மேட். சிஸ்டம் ஸ்லோ என்றாலும் அதுதான். நடுவில் ஆஃப் ஆனாலும் அதுதான். பிரிண்டர் ஓடாவிட்டாலும் அதுதான். கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. கோளாறு எங்கே என்று தேட இரண்டு மணி நேரம் ஆகும், அந்த நேரத்துக்கு யாரும் காசு தர மாட்டார்கள். ஃபார்மேட்டுக்கு என்றால் ஊரறிந்த ரேட் உண்டு. வாங்கிப்போகிறவருக்கும் புது சிஸ்டம் வாங்கிய திருப்தி. ஒரு மாதம் நன்றாக ஓடும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி.

திரும்பி வருவதற்குக் காரணம் உண்டு. கண்ணுக்குத் தெரிவது விண்டோஸ் என்பதால் எல்லாப் பழியும் அதன் தலையில் விழுகிறது. கரண்ட், சூடு, ஹார்ட் டிஸ்க் மூன்றில் எது கெட்டாலும் அறிகுறி தெரிவது திரையில்தான். கொங்கு நாட்டில் இந்த மூன்றும் மற்ற ஊர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வேலை காட்டும்.

இங்கே வீட்டுக் கம்ப்யூட்டர் என்பது பெயருக்குத்தான் வீட்டுக் கம்ப்யூட்டர். திருப்பூரில் நாலு பவர் டேபிள், அதாவது தையல் மெஷின், போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிறவர் வீட்டு ஹாலில் இருக்கும் சிஸ்டத்தில் பகலெல்லாம் கணக்கு எழுதும் டேலியும் ஜிஎஸ்டி ரிட்டர்னும் ஓடும், சாயங்காலம் பிள்ளையின் ப்ராஜெக்ட், ராத்திரி படம். சென்னை ஐடி ஊழியரின் லேப்டாப் போல, கெட்டால் ஆபீசில் கொடுத்துவிட்டு வேறு வாங்கிக்கொள்ளும் கதை இல்லை. அந்த ஒரு பெட்டிக்குள்தான் மூன்று வருடக் கணக்கு இருக்கிறது. அதனால் ஃபார்மேட் என்ற சொல்லை அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கட்சி.

முதலில் கரண்ட். விண்டோஸ் டிஸ்கில் கோப்புகளை வைக்கும் முறைக்கு என்டிஎஃப்எஸ் என்று பெயர், 1993-இல் விண்டோஸ் என்டியோடு வந்தது. நூல் கடைக் கணக்குப்பிள்ளை முதலில் சிட்டையில் குறித்துக்கொண்டு அப்புறம் பேரேட்டில் ஏற்றுவார் அல்லவா, இதுவும் அப்படித்தான். எந்தக் கோப்பில் என்ன மாறப்போகிறது என்று ஒரு குறிப்பில் எழுதிவிட்டுத்தான் டிஸ்கில் கை வைக்கும். பாதியில் கரண்ட் போனால், மறுபடி ஆன் ஆனதும் அந்தக் குறிப்பைப் பார்த்து அரைகுறையாக நின்றதைச் சீர்செய்துவிடும். ஆனால் இந்தக் காவல் கோப்பின் பெயர், இடம், அளவு ஆகியவற்றுக்குத்தான். உள்ளே எழுதிக்கொண்டிருந்த சரக்குக்கு இல்லை. கரண்ட் போய் வந்தபின் எக்செல் ஃபைல் பெயரோடு அங்கேயே இருக்கும், திறந்தால் திறக்காது என்பது இதனால்தான். அந்த நேரத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது விண்டோஸின் சொந்தக் கோப்பாக இருந்துவிட்டால், அல்லது அப்டேட் ஏறிக்கொண்டிருந்தால், மறுநாள் ஸ்டார்ட் மெனு திறக்காது, செட்டிங்ஸ் மூடிக்கொள்ளும், சில சமயம் உள்ளேயே போகாது.

இப்படிக் கெட்ட கோப்புகளைச் சரிசெய்ய ஃபார்மேட் தேவையில்லை. விண்டோஸ் தன் கோப்புகளின் நல்ல பிரதி ஒன்றைத் தனியே வைத்திருக்கிறது. ஸ்டார்ட் பொத்தானை ரைட் கிளிக் செய்தால் அட்மின் என்று போட்ட டெர்மினலோ பவர்ஷெல்லோ வரும். அதைத் திறந்து இரண்டு கட்டளை கொடுக்க வேண்டும். முதலாவது டிஸ்ம்: அதோடு இடைவெளி விட்டு, ஒவ்வொன்றுக்கும் முன் ஒரு சாய்கோடு போட்டு, ஆன்லைன், கிளீனப்-இமேஜ், ரெஸ்டோர்ஹெல்த் என்று ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும் (DISM /Online /Cleanup-Image /RestoreHealth). அந்தப் பிரதியே கெட்டிருந்தால் இது இணையத்திலிருந்து நல்லதை இறக்கி வைக்கும். அதனால் நெட் இருக்க வேண்டும். 62 சதவீதத்தில் நின்றுபோன மாதிரி தெரியும், விட்டுவிடுங்கள். இரண்டாவது எஸ்எஃப்சி, சாய்கோடு ஸ்கேன்நவ் (sfc /scannow). பிரதியை வைத்துக் கெட்ட கோப்புகளை மாற்றுவது இதன் வேலை. வரிசை மாறி எஸ்எஃப்சியை மட்டும் ஓட்டிவிட்டு "சரி பண்ண முடியலைன்னு வருதுங்க" என்பவர்கள் நிறையப் பேர். கெட்ட பிரதியை வைத்து எதைச் சரி பண்ணுவது?

கரண்ட் போய் வந்தபின் கருப்புத் திரையில் டிஸ்க் செக் ஆகிறது என்று சதவீதம் ஓடினாலும் இதே பொறுமை வேண்டும். அவசரத்தில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பது, கட்டுப் போடும்போது கையை உதறுகிற வேலை.

இதெல்லாம் வந்தபின் செய்வது. வராமல் தடுக்க இன்வெர்ட்டரின் பின்பக்கம் ஒரு தடவை போய்ப் பாருங்கள். 2012 வாக்கில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது வாங்கியது பல வீடுகளில் இன்னும் ஓடுகிறது. அதில் பெரும்பாலும் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், ஒரு பக்கம் யுபிஎஸ், இன்னொரு பக்கம் நார்மல். கம்ப்யூட்டருக்குள் கரண்ட்டை மாற்றித் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ், கரண்ட் நின்றபின் சுமார் 16 மில்லி செகண்ட் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. யுபிஎஸ் பக்கம் வைத்தால் இன்வெர்ட்டர் அதற்குள் கைமாற்றிவிடும். நார்மல் பக்கம் வைத்தால் நேரம் கூடும், லோ வோல்டேஜையும் வெகுதூரம் பொறுத்துக்கொண்டு அப்படியே உள்ளே அனுப்பும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது ஒரு பொருட்டில்லை. பக்கத்துத் தறிக் குடோனில் மோட்டார் எடுக்கும் ஒவ்வொரு முறையும் சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் வைரஸைத் தேட வேண்டாம், அந்த சுவிட்சைத் தேடுங்கள். பழைய பேட்டரியாக இருந்தால் சுவிட்ச் சரியாக இருந்தும் பயனில்லை.

அடுத்தது பஞ்சு. இதை வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். தறி ஓடும் இடத்துக்கும் பனியன் தைக்கும் இடத்துக்கும் பக்கத்தில் இருக்கும் சிபியூவைத் திறந்து பாருங்கள். பிராசஸர் மேல் இருக்கும் ஃபேன் வெளிப்பார்வைக்குச் சுத்தமாகவே தெரியும், சுற்றவும் சுற்றும். நாலு மூலையிலும் இருக்கும் பிளாஸ்டிக் முளைகளைத் திருப்பி அதை அடியில் இருக்கும் அலுமினியத் தகடுகளோடு சேர்த்துக் கழற்றி, ஃபேனைத் தனியே பிரித்தால் தகடுகளின் மேல் பஞ்சு அழுந்திப் படிந்து கிடக்கும். விரலால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் ஒரே விரிப்பாகப் பெயர்ந்து வரும். ஃபேன் தள்ளும் காற்று ஒரு இம்மி கூட அதைத் தாண்டி இறங்கியிருக்காது.

சூடு ஏறியதும் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் வேகத்தைக் குறைக்கும். அப்போது "சிஸ்டம் ஹேங் ஆகுதுங்க" என்கிறோம். 100 டிகிரியையும் தாண்டும் நிலை வந்தால் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். அது கரண்ட் போனதற்குச் சமம், மேலே சொன்ன கோப்புச் சேதம் அத்தனையும் இதிலும் வரும். கடையில் ஃபார்மேட் அடித்தால் சேதமான கோப்புகள் புதிதாகிவிடும், பஞ்சு அங்கேயே இருக்கும். ஒரு மாத நிம்மதிக்குப் பின்னால் இருக்கும் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

விண்டோஸா, வெளியில் உள்ள கோளாறா என்று பிரிக்க ஒரு வழி இருக்கிறது. சிஸ்டத்தை ஆன் செய்ததும் டெலீட் பட்டனையோ எஃப்2-வையோ தட்டி, போர்டின் சொந்த அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய், அப்படியே அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். அங்கே விண்டோஸ் ஓடவே இல்லை. அங்கேயும் அணைந்தால் விண்டோஸ் மேல் குற்றமில்லை, பார்க்க வேண்டியது சூடு, எஸ்எம்பிஎஸ், ராம். பல போர்டுகளில் பிராசஸரின் சூடும் அந்தத் திரையிலேயே தெரியும். சும்மா இருக்கும்போதே அது 80, 90 என்று காட்டினால் பதில் கிடைத்துவிட்டது.

விண்டோஸுக்குள்ளிருந்தும் ஒரு தடயம் கிடைக்கும். விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் என்ற பகுதியில் கெர்னல்-பவர் 41 என்று சிவப்பில் ஒரு பதிவு இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "41 எரர் வருது, விண்டோஸ் போச்சு" என்று முடிவுகட்டுகிறார்கள். போன தடவை ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்பதுதான் அதன் முழு அர்த்தம். அதன் விவரத்தில் பக்செக்கோட் என்ற இடத்தில் 0 இருந்தால் பெரும்பாலும் கரண்டோ சூடோ பறித்துக்கொண்டது. வேறு எண் இருந்தால் ப்ளூ ஸ்கிரீன் வந்து விழுந்திருக்கிறது.

சுத்தம் செய்ய ப்ளோயர் போதும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும், இல்லையென்றால் அது அளவுக்கு மீறிச் சுற்றிக் கெட்டுப்போகும். பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்துவிடுங்கள். ராமைக் கழற்றி அதன் தங்க நிறப் பற்களை அழிப்பான் கொண்டு தேய்ப்பது நாட்டு வைத்தியம் மாதிரி தெரிந்தாலும், படிந்த அழுக்கையும் கறையையும் எடுத்துவிடுவதால் பல நேரம் உண்மையாகவே பலிக்கிறது.

மூன்றாவது, டிஸ்க். "ரொம்ப ஸ்லோ" என்று வரும் பழைய சிஸ்டத்தில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் டிஸ்க் 100 சதவீதம் என்று நிற்கும். சுழலும் ஹார்ட் டிஸ்கில் ஊசி ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போய்த் தேடி எடுக்க ஏறக்குறைய 10 மில்லி செகண்ட் ஆகும், அதாவது ஒரு விநாடிக்கு நூறு சொச்சம் தேடல்தான். விண்டோஸ் 10-ம் 11-ம் பின்னணியில் வைரஸ் சோதனை, தேடல் அட்டவணை, அப்டேட் என்று ஓயாமல் சின்னச் சின்னதாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். எஸ்எஸ்டியில் ஊசியே கிடையாது, விநாடிக்குப் பல்லாயிரம் கேள்விகளுக்குப் பதில் தரும். எட்டு வருடப் பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி போட்டு ராமை 8 ஜிபி ஆக்கினால் வரும் வேகத்தை எத்தனை ஃபார்மேட் அடித்தாலும் பெற முடியாது. வேகம் கூட்டித் தருவதாகச் சொல்லி வரும் கிளீனர் புரோகிராம்களுக்குப் பணம் கொடுப்பது தண்டம்.

டிஸ்க் சாகத் தொடங்கியிருக்கிறதா என்று பார்க்க கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரல் இருக்கிறது. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் குறிப்புகளை அது படித்துக் காட்டும். நீலமாக இருந்தால் நல்லது. மஞ்சளில் காஷன் என்று வந்தால் வேறு எதையும் செய்யாமல் முதலில் டேட்டாவை வெளியே எடுங்கள். சாகப்போகும் டிஸ்கில் முழு டிஸ்க் செக்கை ஓட்டினால் மிச்சம் இருக்கும் உயிரையும் அதுவே வாங்கிவிடலாம்.

இனி விண்டோஸின் சொந்தக் குறும்புகள். ராத்திரி ஷட் டவுன், காலையில் ஆன். அப்படியும் ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டே இருக்கிறது: சவுண்ட் வருவதில்லை, வைஃபை தெரிவதில்லை. டாஸ்க் மேனேஜரில் சிபியூ பக்கத்தில் அப்டைம் என்று இருப்பதைப் பாருங்கள், தினமும் அணைத்த சிஸ்டத்தில் அது வாரக்கணக்கில் காட்டும். 2012-இல் விண்டோஸ் 8-ஓடு வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான் காரணம். ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் மையப் பகுதி அணையாது, அப்படியே டிஸ்கில் எழுதிவைக்கப்பட்டு மறுநாள் அதே நிலையில் எழும். நேற்றைய கோளாறும் சேர்ந்தே எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்துட்டேனுங்க" என்கிறவரிடம் "ரீஸ்டார்ட் கொடுத்தீங்களா" என்று தனியாகக் கேட்க வேண்டியிருப்பது இதனால்.

ஜிஎஸ்டி தளமும் பேங்க் தளமும் திறக்காமல் "பாதுகாப்பான இணைப்பு இல்லை" என்று வந்தால் நெட் கம்பெனிக்குப் போன் போடும் முன் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய வருடம் ஏதாவது காட்டினால் போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற காசு மாதிரியான 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டது. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஆரம்பத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு, தேதி தப்பானால் பிரவுசர் நம்ப மறுக்கும். பேட்டரி மாற்றினால் தீர்ந்தது.

பில் பிரிண்ட் வரிசையில் நின்றுபோய், டெலீட் கொடுத்தாலும் போகாமல் உட்கார்ந்திருப்பது இன்னொரு அன்றாடத் தொல்லை. சர்வீசஸ் பட்டியலில் பிரிண்ட் வரிசையைக் கவனிக்கும் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று உள்ளே போய் அந்த ஃபோல்டரில் இருப்பதை மட்டும் காலிசெய்து, ஸ்பூலரை மறுபடி ஓடவிட்டால் டாட் மேட்ரிக்ஸும் லேசரும் ஒழுங்குக்கு வரும்.

ப்ளூ ஸ்கிரீன் பெரும்பாலும் டிரைவரின், அதாவது உறுப்புகளை விண்டோஸோடு பேசவைக்கும் நிரலின், வேலை. விண்டோஸின் மையத்துக்குள் ஓட அனுமதி பெற்ற எந்த நிரல் தப்பு செய்தாலும், மேற்கொண்டு ஓடினால் டேட்டா கெடும் என்று விண்டோஸ் தானே நின்றுகொள்ளும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான கோப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் ஒரே நாளில் விழுந்தன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. தேவையான குறைந்தபட்சத்தை மட்டும் ஓட்டும் சேஃப் மோடில் போய் அந்தக் கோப்பை அழித்ததும் எழுந்துகொண்டன. வீட்டு சிஸ்டத்துக்கும் அதே வழிதான். உள்ளே போகவே முடியாவிட்டால், தொடர்ந்து இரண்டு மூன்று தடவை பூட் தோற்றதும் ரிப்பேர் திரை தானாக வரும். அதில் சேஃப் மோடும், கடைசி அப்டேட்டை நீக்கும் வழியும், பழைய தேதிக்குத் திரும்பும் சிஸ்டம் ரெஸ்டோரும் இருக்கின்றன.

திருட்டு விண்டோஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். காசு கொடுக்காமல் விண்டோஸை அசல் போலக் காட்டும் ஆக்டிவேட்டர் நிரலைப் போட்டுத் தருகிறவர் முதலில் செய்வது விண்டோஸின் வைரஸ் காவலான டிஃபெண்டரை அணைப்பது, அடுத்தது அப்டேட்டை நிறுத்துவது. 2017 மே 12-இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் உலகத்தைச் சுற்றியபோது அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். ஜிஎஸ்டி பாஸ்வேர்டும் பேங்க் லாகினும் வைத்திருக்கும் சிஸ்டத்தில் யாரோ எழுதிய ஆக்டிவேட்டரை அட்மின் உரிமையோடு ஓடவிடுவதற்கு மிச்சப்படும் காசு ஈடாகாது.

இத்தனைக்குப் பிறகும் ஃபார்மேட் தேவைப்படும் நேரம் உண்டு: வைரஸ் ஆழமாக இறங்கியிருந்தால், டிஸ்கையே மாற்றினால். அப்போது கடையில் "டேட்டா எடுத்துட்டேனுங்க" என்றால் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேளுங்கள். வழக்கமாக டெஸ்க்டாப்பும் டாகுமென்ட்ஸும்தான் எடுப்பார்கள். டேலி பிரைம் கணக்கு பொதுவாக சி டிரைவில் யூசர்ஸ், பப்ளிக், டேலிபிரைம், டேட்டா என்ற இடத்தில் இருக்கும், பழைய ஈஆர்பி 9 என்றால் சி டிரைவிலேயே அதன் சொந்த ஃபோல்டருக்குள். இரண்டுமே அந்த வழக்கத்தில் சிக்காது. டேலிக்குள்ளேயே பேக்கப் எடுத்து பென் டிரைவில் வைத்து, அதை வேறொரு சிஸ்டத்தில் ரெஸ்டோர் செய்து திறக்கிறதா என்று பார்த்தபின் ஃபார்மேட்டுக்குச் சம்மதியுங்கள். டிடிபி வேலை இருந்தால் பாமினி, வானவில் போன்ற பழைய ஃபான்ட்களையும் எடுத்துவையுங்கள், இல்லாவிட்டால் பழைய கல்யாணப் பத்திரிகையெல்லாம் கோணல் மாணலாக வரும்.

புது லேப்டாப்பில் இன்னொரு பூட்டு இருக்கிறது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக செட்டப் செய்யும் பெரும்பாலான சிஸ்டங்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. போர்டு மாற்றினாலோ பயாஸில் சில அமைப்புகளைத் தொட்டாலோ 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது செட்டப் செய்தபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கின் மெயில் யாருடையது? கடைப் பையன் தன்னுடையதைப் போட்டிருக்கலாம், பெங்களூரில் இருக்கும் மகனுடையதாக இருக்கலாம். கோளாறு வருவதற்கு முன்பே அந்தக் கணக்கில் நுழைந்து கீயைத் தாளில் எழுதி பீரோவில் வைத்துவிடுங்கள். கீ இல்லாமல் அந்த டிஸ்கைத் திறக்க எந்தக் கடையாலும் முடியாது.

இப்போது பலருடைய கேள்வி விண்டோஸ் 10. 2015-இல் வந்த அதற்கு 2025 அக்டோபர் 14-ஓடு இலவச ஆதரவு முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் தரும் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. சிஸ்டத்தில் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும், செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்தில் போய்ச் சேர வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அமைப்புகளை பேக்கப் செய்ய ஒத்துக்கொண்டால் பணம் இல்லை. விண்டோஸ் 11 ஏற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை பிராசஸரும் வேண்டும். அந்தத் தகுதி இல்லாத மெஷினில் குறுக்கு வழியில் 11 ஏற்றித் தருகிறேன் என்பார்கள். ஏறும், ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தரவில்லை. கணக்கு வைக்கும் சிஸ்டத்தில் அதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

பிள்ளைகள் படிக்க மட்டும் பயன்படும் பழைய லேப்டாப் என்றால், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச லினக்ஸ் மின்ட் நல்ல வழி. 2011-இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப்பில் பாஸ் லினக்ஸைப் பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை, அன்று நிறையப் பேர் கடைக்குப் போய் அதை அழித்துவிட்டு விண்டோஸ் போட்டார்கள் என்பது வேறு விஷயம். டேலியும் ஜிஎஸ்டி கையெழுத்து டோக்கனும் ஓடும் மெஷினுக்கு லினக்ஸ் ஒத்துவராது, அதை விட்டுவிடுங்கள். மற்றதற்கு, மின்ட்டை நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப்பார்க்கலாம். வைஃபை, சவுண்ட், பிரிண்டர், தமிழ் டைப்பிங் நாலும் அதில் வேலை செய்தால் நிறுவுங்கள், ஒன்று தடுமாறினாலும் பென் டிரைவைப் பிடுங்கி ரீஸ்டார்ட் கொடுத்தால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.